நுகத்தடி முறிந்தால் மாட்டை விற்பதா?

பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கதை எழுதுகிறவனுக்குப் புதிய கம்ப்யூட்டர் எதற்கு என்று ஒரு கட்சி கேட்கிறது. வாங்குவதுதான் வாங்குகிறாய், தனித்தனியாகச் சாமான் வாங்கித் திருப்புளியோடு மல்லுக்கட்டுவானேன், மூடி முத்திரை வைத்த லாப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவதுதானே என்று இன்னொரு கட்சி கேட்கிறது. முதல் கட்சியில் என் வயதுக்காரர்கள் அதிகம். இரண்டாவதில் அவர்களுடைய பிள்ளைகள். தகப்பனும் பிள்ளையும் வேறு எதிலும் ஒத்துப்போகாத வீடுகளில்கூட என்னைக் கண்டிப்பதில் மட்டும் ஒற்றுமை நிலவுகிறது. அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் குலைத்துப் பார்க்கலாம் என்று உத்தேசம். (கணினி என்று எழுத எனக்கும் தெரியும். கடைத்தெருவில் போய்க் கேட்டால் கம்ப்யூட்டர்தான் கிடைக்கிறது.)

பேனாவும் காகிதமும் போதாதா என்கிற முதல் கட்சிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். போதும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது நான் எழுதியதெல்லாம் காகிதத்தில்தான். எழுத்தின் தரம் குறைந்துவிடவில்லை, கூடவும் இல்லை. ஆனால் காகிதக் கட்டை இன்று எந்தப் பத்திரிகை வாங்கிக்கொள்கிறது? யூனிகோடில் அடித்து அனுப்புங்கள் என்கிறார்கள். நான் அடிக்காவிட்டால் வேறொருவர் அடிக்க வேண்டும். அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பேனாக் கட்சியின் யோசனைப்படி நடந்தால் கம்ப்யூட்டர் ஒழிந்துவிடாது, அடுத்த வீட்டுக்குக் குடிபோகும். அவ்வளவுதான்.

இரண்டாவது கட்சியோடுதான் எனக்கு உண்மையான சண்டை.

என் பழைய யந்திரம் 2012-ஆம் வருஷத்தது. பதின்மூன்று வருஷத்தில் அதற்கு நான் செய்த உபசாரம், யூ.பி.எஸ். பாட்டரியை மாற்றியதும் எழுத்து அழிந்துபோன கீபோர்டை மாற்றியதும்தான். 2025-ல் ஒரு நாள் மின்சாரம் ஏறி இறங்கித் தத்தளித்ததில் அது வாயை மூடிக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைப்பையன் கெட்டிக்காரன். ஐந்து நிமிஷத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மதர்போர்டு போயிருச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. மாத்திடுங்க."

"பிராஸஸர்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"மெமரி?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு சார்."

"ஹார்டு டிஸ்க்?"

"அதுல ஒண்ணும் இல்ல."

"அப்படியானால் எதை மாற்றச் சொல்கிறாய்?"

"எல்லாத்தையும்தான்."

நாவலாசிரியன் எழுதுவதாயிற்றே என்று இந்தச் சம்பாஷணையைச் சந்தேகிக்க வேண்டாம். எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பையன் பொய் சொல்லவும் இல்லை. நுகத்தடி முறிந்துபோயிற்று, புதிதாகச் செய்கிற நுகத்தடி எதுவும் இந்த மாடுகளின் கழுத்துக்குப் பொருந்தாது, ஆகவே மாட்டை விற்றுவிட்டு வேறு மாடு பிடி, வண்டியையும் சேர்த்து மாற்று என்கிறான். மாட்டுத் தரகன் ஒருவன் இப்படிச் சொன்னால் எங்கள் ஊர்ச் சம்சாரி அவனை என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதையே கம்ப்யூட்டர் விஷயத்தில் சொன்னால் 'அப்டேட்' ஆகிக்கொள்ள வேண்டியதுதானே என்று தலையாட்டுகிறோம்.

நுகத்தடி ஏன் பொருந்தவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிராஸஸர் என்பது உள்ளங்கையில் அடங்கும் சதுரச் சில்லு. அது உட்காரும் பீடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். இந்தத் தொழிலில் நெடுங்காலம் பெரிய பண்ணையாக இருந்தது இன்டெல் கம்பெனி. அதன் சரித்திரத்தையே பார்ப்போம். 2011-ல் 1155 முனைகள் உள்ள சாக்கெட். 2013-ல் 1150. 2015-ல் 1151. ஐந்து இறங்குவதும் ஒன்று ஏறுவதுமாக ஏலச்சீட்டுக் கணக்கைப் போல இருக்கிறது. வேடிக்கை 2017-ல் நடந்தது. அந்த வருஷம் வந்த பிராஸஸருக்கும் அதே 1151 முனைதான். பழைய சாக்கெட்டில் சமர்த்தாக உட்காரும். ஆனால் ஓடாது. புதிய போர்டு வாங்கினால்தான் ஓடும். மின்சாரம் உள்ளே போகும் முறையை மாற்றியிருக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். சும்மா இருக்கமுடியாத சில பிள்ளைகள், இரண்டொரு முனைகளை டேப் ஒட்டி மறைத்து, போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்ப மென்பொருளைத் திருத்தி, பழைய போர்டிலேயே அதை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். பிறகு 2020-ல் 1200, 2021-ல் 1700, 2024-ல் 1851. பதின்மூன்று வருஷத்தில் ஏழு விதமான நுகத்தடி.

விஞ்ஞானம் முன்னேற வேண்டாமா என்பார்கள். முன்னேறட்டும். மெமரியின் வகை மாறும்போது போர்டு மாறுவதில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றத்துக்காகத்தான் என்று சத்தியம் செய்கிறவர்கள், அதே பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சாட்சியைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். போர்டைக் கேபினெட்டில் முடுக்கும் திருகாணித் துளைகளைச் சொல்கிறேன். அவை எந்த எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஏ.டி.எக்ஸ். என்ற பெயரில் 1995-ல் வகுத்துக் கொடுத்தவர்கள் யார்? அதே இன்டெல்! முப்பது வருஷமாக அந்தத் துளைகள் ஒரு நூல்கூட நகரவில்லை. 2012-ல் வாங்கிய என் கேபினெட்டில் 2025-ல் வாங்கிய போர்டு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. 2003-ல் வந்த ஸாட்டா இணைப்பும் அப்படியே. பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதிய போர்டில் சொருகினேன், என் கதைகளெல்லாம் திரையில் வந்து நின்றன. பழைய மானிட்டரும் வேலை செய்கிறது.

நிலைநிறுத்த வேண்டும் என்று நினைத்தால் முப்பது வருஷம் நிலைநிறுத்த அவர்களுக்குத் தெரிகிறது. துளையை நகர்த்துவதில் ஆதாயம் இல்லை. கேபினெட் செய்கிறவன் வேறு ஒருவன். சாக்கெட்டை மாற்றினாலோ சில்லும் விற்கிறது, போர்டில் பதிக்கும் சிப்செட்டும் விற்கிறது. இரண்டும் ஒரே பண்ணையில் விளைகிற சரக்கு. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

போட்டிக்காரரான ஏ.எம்.டி. கம்பெனி 2016-ல் ஏ.எம்.4 என்று ஒரு சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2022-லும் அதற்குப் புதிய பிராஸஸர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தர்மவான்கள் என்று சொல்லவில்லை. 2020 மே மாதத்தில் அவர்களும், அடுத்து வரப்போகும் பிராஸஸர் பழைய போர்டுகளில் ஓடாது என்று அறிவித்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் ஊர் உலகமெல்லாம் கூச்சல் போட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி இறங்கி வந்து, முந்திய தலைமுறைப் போர்டுகளில் ஓட வழிசெய்வதாகச் சொன்னது. அதற்கும் முந்திய போர்டுகளுக்கு 2022-ல் வழி பிறந்தது. முடியாது என்று சொன்னது எப்படி முடிந்தது? கூச்சலுக்கு மின்சாரத்தின் குணத்தை மாற்றும் சக்தி உண்டா என்ன? நான் ஏ.எம்.4 போர்டே வாங்கினேன். புத்தம்புதிது வேண்டும் என்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டியை விரித்து வேலையை ஆரம்பித்தேன். அந்தப் பிராஸஸரின் அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் வம்பு. முதுகில் பட்டாணி அளவு பசை வைத்து மேலே விசிறியைப் பூட்ட வேண்டும். திருகாணிகளை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொள்வது உத்தமம். மற்றபடி இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தறியில் இழை கோக்கிறவர்களுக்கும் மீன்வலை பின்னுகிறவர்களுக்கும் இருக்கும் பொறுமையில் கால்பங்கு இருந்தால் போதும்.

இப்படி ஒரு சாமானியன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்ட முடிவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யைக் கொண்டுவந்தபோது, அவசரத்தில் மற்றவர்கள் செய்த உறுப்புகளையே வாங்கிப் போட்டுக் கட்டி, உள்ளமைப்பையும் புத்தகமாக வெளியிட்டுவிட்டது. பயாஸ் ஒன்றுதான் அவர்களுடைய சொந்தச் சொத்து. காம்பேக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பயாஸைக் காப்பியடிக்காமல், அது செய்கிற காரியத்தை மட்டும் பார்த்துத் தாங்களாக எழுதி, 1982-ல் அதற்கு ஒத்த யந்திரத்தை அறிவித்தார்கள். அன்று திறந்த கதவு வழியாகத்தான் சென்னை ரிச்சி தெருவும் டில்லி நேரு பிளேஸும் எங்கள் ஊர்க் கடைப்பையனும் உள்ளே வந்தார்கள். அந்தக் கதவைத்தான் இப்போது ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போட்டு மூடுகிறார்கள். லாப்டாப்பில் மெமரியைப் போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். போன் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். மெல்லியதாக இருக்கிறதாம், அழகாக இருக்கிறதாம். இருக்கட்டும். 8 ஜி.பி. வாங்கியவனுக்கு நாளை 16 ஜி.பி. தேவைப்பட்டால் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மெமரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தேங்காய் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களையே 2025 கடைசியில் மெமரி விலை திகைக்க வைத்தது. சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டுகிற ராட்சசக் கூடங்களுக்கு மெமரி போகிறது, மிச்சம்தான் நமக்கு. உலகத்து மெமரியில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அதில் மைக்ரான், 2025 டிசம்பர் 3-ஆம் தேதி, கடையில் சில்லறையாக வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. மூன்று மிராசுதார்கள், அதில் ஒருவர் இனிமேல் சில்லறைக்கு நெல் அளக்க மாட்டேன் என்கிறார். இந்த நிலையில் நல்ல மெமரியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

யந்திரத்தின் உறுப்பு கெட்டால்கூடப் பரவாயில்லை. ஒரு உறுப்பும் கெடாமலே சாவு அறிவிக்கிற கைங்கரியமும் நடந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11 வேண்டுமானால், டி.பி.எம். 2.0 என்ற காவல் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் பிராஸஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை பிறந்ததே 2017-ல். 2016-ல் கைக்காசு போட்டு வாங்கியவருடைய யந்திரம் நேற்றுவரை ஓடியது, இன்றும் ஓடுகிறது, ஆனால் சட்டப்படி பிணம். ஓராண்டு கருணை அவகாசம் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இதில் சொந்த நஷ்டம் இல்லை. பல வருஷமாக லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன். 1991-ல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவன் தொடங்கிய அந்தக் காரியத்தைப் பற்றி எவ்வளவு கேலி வேண்டுமானாலும் செய்யுங்கள். என் யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று அது ஒரு நாளும் எனக்குக் கடிதம் போட்டதில்லை.

பெட்டியைப் பூட்டினால் பணத்தோடு போகும். எழுத்தையே பூட்டினால்? தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் வீட்டு யந்திரத்துக்கு வந்து சேர வெகுகாலமாயிற்று. அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு வியாபாரியும் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலும் மிச்ச எண்களிலும் தமிழ் எழுத்தைத் தன் இஷ்டப்படி வரைந்து வைத்தான். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறந்தால் பூச்சி ஊர்ந்ததுபோல ஏதோ தெரியும். 1999-ல் தமிழ்நாடு அரசு டேப், டேம் என்று இரண்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. அதற்கு முந்தியவை அவரவர் தலைவிதி. என் நாவல் ஒன்று அப்படி ஓர் எழுத்துருவில் சிறைப்பட்டுக் கிடந்தது. அதை விற்ற கடை இன்று இல்லை. எந்த எண்ணில் எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் இடம் மாற்றி, முந்நூறு பக்கத்தை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது தனிக் கதை. புதிய யந்திரம் கட்டியதில் எனக்குப் பிடித்த வேலை அதுதான். அதைச் செய்ய முடிந்ததற்கும் காரணம், யந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரிடமும் அநுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே.

இதெல்லாம் படித்தவர்களின் சங்கடம், ஊருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் காயில் கட்டுகிற பட்டறைக்குள் ஒரு நிமிஷம் நுழைந்து பார்க்கட்டும். பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் மாட்டுவண்டியிலோ மொபெட்டிலோ அங்கே வரும். கருகின செம்புக் கம்பியை உரித்துப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, பேரிங் மாற்றி அனுப்புவார்கள். மூன்று தடவை, நான்கு தடவை காயில் கட்டிய மோட்டார்கள் தோப்புக்குத் தோப்பு ஓடுகின்றன. "இரும்பு அப்படியேதானே இருக்குண்ணே, கம்பிதானே போச்சு" என்றார் ஒரு பட்டறைக்காரர். எஞ்சினீயரிங் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறார்கள். புதிது, பழையது என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் வேறு கணக்கு. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் முடித்த கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் பெயர் புதுஆறு.

நாளைக்கு அந்தப் பம்ப்செட்டுக்கும் ஒரு சில்லு வரும். கம்பெனி ஆள் வந்து கடவுச்சொல் போட்டால்தான் மூடி திறக்கும் என்று வரும். அமெரிக்காவில் டிராக்டருக்கு இந்த வியாதி வந்து, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். பிரான்சு தேசத்தில் 2015-லேயே, சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே பொருளைச் செய்வது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் செய்துவிட்டார்கள். போன் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாட்டும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி 18-ஐக் கெடுவாக வைத்தது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தார்கள். டிசம்பரில் ஒரு வலைவாசல் திறந்தார்கள். விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்திருப்பது நல்ல காரியம். ஆனால் வலைவாசல் என்பது அறிவிப்புப் பலகை. விற்ற பொருளுக்கு இத்தனை வருஷம் உதிரி உறுப்பு தந்தாக வேண்டும், தராவிட்டால் இன்ன தண்டனை என்று எழுதினால்தான் கம்பெனிக்காரனுக்குக் காது கேட்கும். சாக்கெட்டுக்குப் பத்து வருஷம் என்று எழுதட்டும். அதற்குக் குறைந்து நான் பேரம் பேசத் தயாராக இல்லை.

இனி என் பழைய யந்திரத்தின் கதி. இந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை என்று சொன்னார்களே, அது பெரிய கம்பெனிகளைப் பொறுத்தவரை வாஸ்தவம். ஆனால் அந்தக் காலத்துச் சிப்செட்டை வைத்து இன்றைக்கும் புதுப் போர்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூவாயிரம் ரூபாய்க்குள் தருவித்துக்கொண்டேன். காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்த ஒரு கேபினெட் கிடைத்தது. கதவு இல்லை, துரு ஏறியிருந்தது. துளைகள் மட்டும் 1995-ல் சொன்ன இடத்தில் இருந்தன. பழைய பிராஸஸரையும் மெமரியையும் பொருத்தினேன். லினக்ஸ் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறியை அவளே கழற்றித் துடைக்கிறாளாம்.

அதில் இருப்பது 4 ஜி.பி. மெமரி. இன்றைக்கு இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் விளம்பரமே பாதியை விழுங்கிவிடுகிறது, பெண் குறைப்படுகிறாள். போர்டில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. டி.டி.ஆர்.3 வகையில் 4 ஜி.பி. துண்டு ஒன்று யார் வீட்டு மேஜை அறையிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், லாப்டாப்பில் போடும் குட்டைத் துண்டாக இல்லாமல் நீளத் துண்டாகப் பார்த்து, பத்திரிகை விலாசத்துக்கு அனுப்பிவையுங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.